தேய்ந்த தோல் இருக்கைகளையும் சோபாக்களையும் செப்பனிட்டு நிறமேற்றும் முறை

கார் இருக்கையின் ஓரத்திலோ சோபாவின் கைப்பிடியிலோ நிறம் போய் வெளிறிய தோலைக் கண்டதும் பெரும்பாலோர் செய்வது, தோலுக்கு ஊட்டம் தரும் என்று சொல்லி விற்கப்படும் ஏதாவது ஒரு கிரீமை வாங்கிவந்து தேய்ப்பதுதான். சில நாள் பளபளப்பு இருக்கும். பிறகு அதே வெளிறலும் வெடிப்பும் திரும்பி வந்துவிடும். கிரீமின் தரக்குறைவு இதற்குக் காரணமன்று. தேய்ந்திருப்பது பெரும்பாலும் தோல் அன்று, தோலின் மேலிருந்த பூச்சு. பூச்சு போன இடத்தில் எவ்வளவு கிரீம் தடவினாலும் பூச்சு திரும்பி முளைக்காது.

இன்றைய கார் இருக்கைகளிலும் சோபாக்களிலும் பயன்படும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்புகளால் பதனிடப்பட்டு, சாயமேற்றப்பட்டு, அதன்மேல் நிறமி கலந்த அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பூச்சு பெற்றதாகும். தோலின் கனம் ஏறத்தாழ 1 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். நிறப்பூச்சின் கனமோ ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்குதான். அதற்கும் மேலே நிறமற்ற காப்புப்பூச்சு ஒன்று உண்டு. நம் கை தொடுவதும், உடை உரசுவதும், வெயில் படுவதும் இந்த மெல்லிய படலங்களின் மேல்தான். ஆகையால் நிறமேற்றுதல் என்பது பழைய படலத்தின் எச்சத்தின் மீதும் வெளித்தெரியும் தோலின் மீதும் புதிய படலமொன்றை ஒட்ட வைக்கும் வேலை; வாங்கும் நிறத்தின் தரத்தைவிட அந்த ஒட்டுதலே வேலையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் வேலைகளில் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்பது தானே விளங்கும்.

முதலில் தோலை இனங்காணுதல்

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் கையிலிருப்பது என்ன தோல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். நீர் முத்தாக நின்றால் அது பூச்சுள்ள தோல். இக்கட்டுரையில் சொல்லப்படும் முறை அதற்கே முழுமையாகப் பொருந்தும். நீர் சட்டென உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால், அது சாயம் மட்டும் ஏற்றிய அனிலின் வகைத் தோல். தேய்ந்த இடத்தில் சோதித்தால் பூச்சுள்ள தோலும் நீரை உறிஞ்சி நம்மை ஏமாற்றும் என்பதால், சோதனைக்குத் தேயாத இடத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். தொட்டால் வெல்வெட் போலிருக்கும் நுபக், சுவேடு ஆகிய தோல்களின் மீது நிறமிப்பூச்சு பூசினால் அந்த மென்மயிர் ஒட்டி விறைத்துவிடும். அவற்றை இந்த முறையில் தொடவே கூடாது.

மெத்தையின் ஜிப்பைத் திறந்தோ இருக்கையின் அடியில் எட்டிப் பார்த்தோ தோலின் பின்புறத்தைப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. உண்மையான தோலின் பின்புறம் நார்நாராக இருக்கும். நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிந்தால் அது ரெக்சின் வகையைச் சேர்ந்தது. கார்களில் உட்காருமிடமும் சாயுமிடமும் மட்டும் தோலாகவும், பக்கங்களும் பின்புறமும் செயற்கைத் தோலாகவும் இருப்பது மிகப் பரவலான வழக்கம். செயற்கைத் தோலுக்கும் நிறமேற்றலாம்; ஆனால் அதற்குரிய ஒட்டுதல் பிரைமரை முதலில் பூச வேண்டும்.

தோல் கழிவுகளை அரைத்துப் பசையோடு கலந்து தாளாக்கி மேலே பாலியூரித்தேன் படலம் ஒட்டிய ஒரு வகை உண்டு. பாண்டட் லெதர் என்று விற்கப்படும் அது, சில ஆண்டுகளில் மேற்படலம் செதில் செதிலாக உரிந்து கீழே துணி தெரியும் நிலைக்கு வந்துவிடும். அந்த உரிதலை எந்த நிரப்பியாலும் நிறத்தாலும் நிறுத்த முடியாது. இன்று ஒட்டவைத்த இடத்துக்குப் பக்கத்தில் நாளை உரியும். அத்தகைய சோபாவுக்குப் புதிய உறை தைப்பதே வழி என்று தயங்காமல் சொல்லலாம்.

மிகப் பழைய நாற்காலிகளும் தனியே கருத வேண்டியவை. குரோமியத்தால் பதனிடும் முறைக்கு அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் 1884இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய தோல்கள் பெரும்பாலும் மரப்பட்டை முதலிய தாவரச் சாறுகளால் பதனிடப்பட்டவை. அவற்றில் பல, காற்றிலுள்ள கந்தக மாசு படிந்து அமிலமேறி, தொட்டாலே செந்நிறப் பொடியாக உதிரும் நிலையில் இருக்கும். அந்தத் தோலில் நீர் பட்டால் கருத்து விறைத்துப்போகும். அதைப் பழம்பொருள் பாதுகாப்பு அறிந்தவரிடம் ஒப்படைப்பதே சரி.

சுத்தம் செய்தல்

தோலுக்கென்றே தயாரித்த, நீரில் கரைந்த மென்மையான கிளீனரைப் பயன்படுத்த வேண்டும். பதனிட்ட தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை இருக்கும். துணி துவைக்கும் சோப்பும், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கியும் காரத்தன்மை உடையவை. அவை அழுக்கோடு சேர்த்துத் தோலின் நார்களுக்கிடையே உள்ள கொழுப்பையும் வெளியேற்றித் தோலை விறைக்கச் செய்யும்.

கிளீனரை நேரடியாக இருக்கையின் மேல் ஊற்றாமல், மென்மையான பிரஷின் மீதோ ஸ்பாஞ்சின் மீதோ எடுத்து நுரையாக்கி, ஒரு சமயத்தில் ஒரு பகுதியை மட்டும் வட்டமாகத் தேய்த்து, அழுக்கேறிய நுரை காய்வதற்குள் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தோலின் வரிகளுக்குள்ளும் தையல் ஓரங்களிலும் படிந்திருக்கும் அழுக்கை நுரைதான் மேலே கொண்டுவரும். வெறும் துணியால் துடைத்தால் அது அங்கேயே தங்கிவிடும். துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வெளிர் நிற இருக்கைகளில் தேய்மானம் என்று எண்ணியிருந்த பாதி இடம் வெறும் அழுக்கே என்பது இந்தக் கட்டத்தில் தெரியவருவது உண்டு. அப்படியானால் வேலை இங்கேயே முடிந்தது, காப்புப்பூச்சு மட்டும் புதுப்பித்தால் போதும்.

காரில் வேலை செய்யும்போது நீரின் அளவைக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். இருக்கைக்குள் சூடாக்கும் கம்பிகள், ஆள் அமர்ந்திருப்பதை உணரும் சென்சார், பக்கவாட்டு ஏர்பேக் ஆகியவை இருக்கலாம். துளையிட்ட தோலானால் ஊற்றிய நீர் முழுவதும் ஃபோமுக்குள் இறங்கிவிடும். வசதிக்காக இருக்கையைக் கழற்றி வெளியே எடுக்க விரும்புவோர், பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றி, காரின் கையேட்டில் குறிப்பிட்ட நேரம் காத்திருந்த பிறகே இருக்கைக்கு அடியிலுள்ள இணைப்பிகளைத் தொட வேண்டும். ஏர்பேக் இணைப்பிகள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றைப் பிரித்த நிலையில் சாவியைப் போட்டால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிறகு அதை அணைக்கப் பணிமனைக்குப் போக நேரும். கழற்றாமலே செய்வதானால் கதவு, தரைவிரிப்பு, சீட் பெல்ட், பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பாலும் தாளாலும் நன்றாக மூடிவிடலாம்; பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும்.

எண்ணெய்ப்பசை நீக்கமும் தேய்ப்பும்

சுத்தம் செய்த தோல் கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிந்தாலும் நிறமேற்றத் தயாராக இருக்காது. முன்பு தடவிய சிலிக்கான் பாலிஷ், கிரீம், மெழுகு, உடலின் வியர்வைக் கொழுப்பு, தலைமுடி எண்ணெய் எல்லாம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். நிறம் உரிந்துபோயிற்று என்று எழும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ தோலுக்கான முன்தயாரிப்புத் திரவத்தையோ வெள்ளைத் துணியில் நனைத்து, துணியை அடிக்கடி மாற்றியபடி துடைக்க வேண்டும். துணியில் சிறிதளவு நிறம் வருவது இயல்பே; பழைய காப்புப்பூச்சு இளகுவதன் அடையாளம் அது. நகப்பூச்சு நீக்கப் பயன்படும் அசிட்டோனைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது பூச்சை மிக வேகமாகக் கரைத்துத் திட்டுத் திட்டாக விட்டுவிடும் என்பதால், பழக்கமில்லாதவர் தொடாமல் இருப்பதே மேல். எந்தக் கரைப்பானாக இருந்தாலும் ஜன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து, அருகில் நெருப்போ சூடான சாதனமோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வருவது உப்புத்தாள். நல்ல நிலையிலுள்ள பகுதிகளை 600 எண் தாளாலோ அதற்கு நிகரான மென்மையான தேய்ப்பு நாராலோ, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் லேசாகத் தேய்த்தால் போதும். புதிய படலம் பற்றிக்கொள்ளப் பிடிமானம் கிடைப்பதே நோக்கம். வெடிப்புகளும் சொரசொரப்பும் உள்ள இடங்களை 320 அல்லது 400 எண் தாளில் தொடங்கி, தூக்கி நிற்கும் ஓரங்கள் கைக்குத் தட்டுப்படாமல் போகும்வரை தேய்த்து, 600இல் முடிக்கலாம். தோலின் இயற்கையான வரிகள் அழியும்வரை தேய்த்துவிட்டால் அவற்றை மீட்பது கடினம். தையல் நூல்களின் மேல் தாள் படவே கூடாது. தூசியைச் சுவாசிக்காமல் இருக்க முகமூடி அணிந்து, தேய்த்து முடித்ததும் தூசியை உறிஞ்சி எடுத்து, ஆல்கஹால் துணியால் மீண்டும் ஒருமுறை துடைக்க வேண்டும்.

வெடிப்புகளையும் கிழிசல்களையும் செப்பனிடுதல்

வெடிப்பு இரு வகைப்படும். பூச்சு மட்டும் வெடித்து, கீழே தோல் உறுதியாக இருப்பது ஒன்று. தோலின் நார்களே அறுபட்டிருப்பது மற்றொன்று. விரலால் வெடிப்பை இரு பக்கமும் மெல்ல விரித்துப் பார்த்தால், நார்கள் பிரிந்து மென்மையான பிளவு தெரிகிறதா என்பது புலப்படும். முதல் வகைக்குத் தேய்ப்பும் நிறமுமே பெரும்பாலும் போதுமானவை.

நார்கள் தளர்ந்த இடத்துக்கு முதலில் பைண்டர் கொடுக்க வேண்டும். பால் போன்ற மெல்லிய அக்ரிலிக் திரவமாகிய அது, தோலுக்குள் இறங்கிக் காய்ந்து நார்களைப் பிணைக்கிறது. ஸ்பாஞ்சால் தேய்த்து உள்ளிறக்கி, ஹேர் டிரையரால் உலர்த்தி, மீண்டும் தேய்க்க வேண்டும். தோல் மேற்கொண்டு உறிஞ்சாமல் மேற்பரப்பு இறுகி வரும்வரை இவ்வாறு பல முறை கொடுக்கலாம். உலர்த்தும்போது டிரையரை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயிண்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன்னை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; அளவு மீறிய சூடு தோலின் கொலாஜன் நார்களைச் சுருக்கிவிடும், சுருங்கிய தோல் பழைய நிலைக்குத் திரும்பாது.

அதன்பின் நெகிழ்வான தோல் ஃபில்லரைச் சிறு கத்தியால் வெடிப்புக்குள் அழுத்தித் தேய்த்து, மேலே நிற்பதை வழித்து எடுக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, பிறகு சுருங்கிப் பள்ளம் விழும். மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் முழுதும் காய்ந்த பிறகே அடுத்தது கொடுக்க வேண்டும். சுவருக்கும் மரத்துக்கும் பயன்படும் பட்டி எதுவும் இங்கே உதவாது, ஏனெனில் முதல் முறை உட்கார்ந்ததுமே அது உடையும். கடைசி அடுக்கு காய்ந்ததும் 600 எண் தாளால் சமன்செய்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. கண் மன்னிக்கிற மேடு பள்ளத்தை விரல் காட்டிக்கொடுக்கும். நிறமும் பளபளப்பும் ஏறிய பின் அதே மேடு பள்ளம் கண்ணுக்கும் தெரியும்.

துளைத்துச் சென்ற ஓட்டைக்கும் கிழிசலுக்கும் ஃபில்லர் மட்டும் தாங்காது. ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 2 செண்டிமீட்டர் பெரிதாக, முனைகள் வட்டமாக, உறுதியான மெல்லிய துணியை வெட்டி, சாமணத்தால் கிழிசலின் வழியே தோலுக்கும் ஃபோமுக்கும் இடையே செருகிச் சுருக்கமின்றி விரிக்க வேண்டும். அதன்மேல் நெகிழும் தோல் பசையைத் தடவி, கிழிந்த ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே சேர்த்து அழுத்தி, பசை இறுகும்வரை எடை வைத்து, பிறகு மேலே ஃபில்லர் பூசலாம். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை கண்ணாடிபோல் இறுகிப் பக்கத்துத் தோலை அறுக்கும் என்பதால் அதைப் பெரிய கிழிசலுக்குப் பயன்படுத்துவது நல்லதன்று.

தையல் விட்டுப்போயிருந்தால் பசையால் ஒட்டுவதில் பயனில்லை. பழைய துளைகளின் வழியே வளைந்த ஊசியால் மீண்டும் தைக்க வேண்டும். ஆனால் கார் இருக்கையின் வெளிப்பக்கத் தையலுக்கு இது பொருந்தாது. இருக்கையில் ஏர்பேக் பொருத்திய கார்களில், விபத்தின்போது பை வெளிவருவதற்காக அத்தையல் குறிப்பிட்ட விசையில் பிரியும்படி தனி நூலால் தைக்கப்பட்டிருக்கும். அதை வலுவான நூலால் தைப்பதும், அதன் மேல் துணி வைத்து ஒட்டுவதும், ஃபில்லர் பூசுவதும் உயிருக்கு ஆபத்தானவை. அந்தப் பகுதிக்கு மெல்லிய நிறப்பூச்சுக்கு மேல் வேறெதுவும் வேண்டாம்.

நிறத்தைக் கண்டுபிடித்தல்

கார் தயாரிப்பாளரின் நிறக்குறியீட்டை வைத்து நிறம் வாங்கலாம். ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறம். பல ஆண்டு வெயிலில் இருந்த இருக்கை அந்த நிறத்தில் இல்லை. எல்லா இருக்கைகளுக்கும் நிறமேற்றுவதானால் குறியீட்டு நிறமே போதும். ஓர் ஓரத்தை மட்டும் செப்பனிடுவதானால் இருக்கையோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும்.

வாங்க வேண்டியது நீர் அடிப்படையிலான, தோலுக்கென்று தயாரிக்கப்பட்ட நிறமி. காலணிச் சாயம் பூச்சுள்ள தோலில் இறங்காமல் மேலேயே நின்று உடையில் ஒட்டும். சுவர்ப் பெயிண்ட் வளையாது. கலக்கும்போது வெளிர் நிறத்தை அடிப்படையாக எடுத்து, அதில் அடர்நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும்; மாற்றிச் செய்தால் எவ்வளவு வெள்ளை ஊற்றினாலும் போதாமல் கலவைதான் பெருகிக்கொண்டே போகும். மணல் நிற இருக்கைகளுக்கு வெள்ளையில் காவி மஞ்சள் சேர்த்து, கறுப்பை ஊசிமுனையால் தொட்டு இறக்கி, கடைசியில் காவிச் சிவப்பை இன்னும் குறைவாகச் சேர்ப்பது நல்ல தொடக்கம். கறுப்பு இருக்கைகள்கூடத் தூய கறுப்பாக இருப்பதில்லை. சற்றே நீலமோ பழுப்போ சாயும்.

நீர் நிறமி ஈரத்தில் ஒரு மாதிரியும் காய்ந்தபின் வேறு மாதிரியும், பெரும்பாலும் சற்று அடர்த்தியாகவும் தெரியும். ஆகையால் கிண்ணத்தில் பார்த்து முடிவெடுக்காமல், சுத்தம் செய்த இருக்கையிலேயே விரல் நுனியளவு தடவி, முழுதும் உலர்த்தி, பக்கத்துத் தோலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம். விளக்கொளியில் பொருந்திய நிறம் வெயிலில் விலகித் தெரிவது உண்டு. பகல் வெளிச்சத்தில் நிழலான இடத்தில் செய்த ஒப்பீடே நம்பத்தக்கது. முழு வேலைக்கும் வேண்டிய அளவை ஒரே தடவையில் கலந்து, வடிகட்டி, மூடி வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி கலப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

நிறத்தையே மாற்ற விரும்புவோருக்கு ஒரு சொல்: வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போவது எளிது. அடர்நிறத்தை வெளிராக்க மிகுதியான அடுக்குகள் வேண்டியிருக்கும். மடிப்புகளில் சிறிது தேய்ந்தாலும் பழைய நிறம் எட்டிப்பார்க்கும்.

பூசுதல்

முழு இருக்கையிலும் தொடங்கும் முன் மறைவான ஓரிடத்தில் பூசி, நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுத்துப் பாருங்கள். நாடாவில் நிறம் வந்தால் எண்ணெய்ப்பசை இன்னும் இருக்கிறது என்று பொருள். சலிக்காமல் முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதல் அடுக்கை ஸ்பாஞ்சால் தேய்த்து வரிகளுக்குள்ளும் நுண்வெடிப்புகளுக்குள்ளும் இறக்க வேண்டும். ஸ்பாஞ்சைச் சிறிது நனைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்தினால் நிறம் சீராகப் பரவும். இந்த அடுக்கு திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அதைக் கண்டு கையைக் கனமாக்க வேண்டாம். அடுத்த அடுக்குகளை ஒற்றி ஒற்றிப் பூசினால் ஸ்பாஞ்சின் கோடுகள் விழாது. ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்தபின் அடுத்தது என்ற கணக்கில் மூன்று முதல் ஐந்து மெல்லிய அடுக்குகள் வழக்கமாகத் தேவைப்படும். கனமான ஓர் அடுக்கு தோலின் வரிகளை மூடிப் பிளாஸ்டிக் போன்ற தோற்றத்தைத் தரும். மடிப்பில் முதலில் வெடிப்பதும் அதுதான்.

ஸ்பிரே கன் இருந்தால் கடைசி அடுக்குகளை அதனால் தெளிப்பது மிகச் சீரான முடிவைத் தரும். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முனை, 2 பார் அளவிலான அழுத்தம், 15 முதல் 20 செண்டிமீட்டர் தொலைவு ஆகியவற்றில் தொடங்கி, ஒரு பழைய தோல் துண்டில் தெளித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மேற்பரப்பு நனைந்து வழியாமல் பனி படிந்தது போலத் தெரிவதே சரியான அளவு. நீர் அடிப்படை என்றாலும் தெளிப்புத் துகளைச் சுவாசிப்பது நல்லதன்று. நிறத்திலோ காப்புப்பூச்சிலோ இறுக்கி சேர்ப்பதானால் தகுந்த வடிப்பான் உள்ள முகக்கவசமும் கையுறையும் கட்டாயம் வேண்டும். கிராஸ்லிங்கர் என்று விற்கப்படும் இந்த இறுக்கிகள் தேய்மானத் தாங்குதிறனைக் கூட்டுகின்றன. ஆனால் தோலையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடியவை. கலந்தபின் குறிப்பிட்ட நேரத்துக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்பதால், அளவையும் நேரத்தையும் புட்டியின் மேலுள்ளபடியே பின்பற்றுவது நல்லது.

துளையிட்ட தோலில் ஸ்பாஞ்சைக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் மேலோட்டமாக ஒற்ற வேண்டும், அல்லது தெளிக்க வேண்டும். அடைபட்ட துளைகளை நிறம் இறுகுவதற்குள் மெல்லிய ஊசியால் திறந்துவிடலாம். வேறு நிற நூலில் தைத்த அலங்காரத் தையலுக்கு நுண்ணிய தூரிகையால் திரவ மறைப்புப்பசை தடவி, வேலை முடிந்ததும் உரித்தெடுக்கலாம். சிலர் எல்லாவற்றின் மேலும் பூசிவிட்டு, நூலுக்கு மட்டும் பிறகு தூரிகையால் நிறம் தீட்டுவார்கள்; பொறுமையுள்ள கைக்கு அதுவும் சரியே.

காப்புப்பூச்சு

நிறம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் காப்புப்பூச்சு இல்லாவிட்டால் வெளிர் உடைகளில் ஒட்டும், சில வாரங்களில் தேயும். இங்கே தேர்வு செய்ய வேண்டியது பளபளப்பின் அளவு. கார் இருக்கைகள் பொதுவாக மங்கலான முடிவே கொண்டவை. பளபளக்கும் பூச்சு, செப்பனிட்டது என்பதைத் தூரத்திலிருந்தே அறிவித்துவிடும். ஐயமிருந்தால் மங்கலானதையே தேர்ந்தெடுக்கலாம். ஒரு பகுதியை மட்டும் செப்பனிட்டிருந்தால், மங்கலையும் பளபளப்பானதையும் கலந்து பக்கத்துத் தோலின் பளபளப்புக்கு ஈடாக்கலாம். மூன்று, நான்கு மெல்லிய அடுக்குகள் போதும்; ஓட்டுநர் இருக்கையின் வெளியோரத்துக்கும் சோபாவின் கைப்பிடிக்கும் ஓர் அடுக்கு கூடுதலாகக் கொடுக்கலாம். தோல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிடுவதைத் தடுக்க வழுக்கல் சேர்மம் கலந்த காப்புப்பூச்சுகள் உண்டு. இருக்கையின் ஓரமும் முதுகுப்பகுதியும் சேரும் இடங்களுக்கு அவை பயன்படும்.

தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடங்களில் வந்துவிட்டாலும் பூச்சு உள்ளுக்குள் இறுகவில்லை. ஒருநாள் முழுவதும் யாரும் உட்காராமலும், ஒரு வாரத்துக்கு ஈரத்துணியோ கிளீனரோ படாமலும் இருக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்தில் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்வது நல்லது.

சோபாவுக்குரிய சில குறிப்புகள்

சோபாவில் தலை சாயுமிடமும் கைப்பிடியுமே தொல்லை மிகுந்தவை. தலைமுடியின் எண்ணெய் பூச்சைக் கடந்து தோலுக்குள்ளேயே இறங்கியிருக்கும். மேலே துடைத்ததும் சுத்தமாகத் தெரிந்து, மறுநாள் உள்ளிருந்து மீண்டும் கசிந்து வரும். எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் தோல் டிகிரீசரைத் தெளித்து, வெண்பொடியாகக் காயவிட்டுத் துடைக்கும் வேலையை, கருத்த கறை மீண்டும் தோன்றாமல் போகும்வரை செய்ய வேண்டும். எண்ணெய் ஊறி ஊறித் தோல் கூழாக மென்மையடைந்து கிழியத் தொடங்கியிருந்தால், அந்தத் துண்டை மட்டும் புதிய தோலால் மாற்றித் தைப்பது சிக்கனமான வழி.

மெத்தையின் ஃபோம் தளர்ந்து தோல் தொளதொளவென்று சுருங்கியிருக்கும் நிலையில் நிறமேற்றுவது வீண்வேலை. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அதே சுருக்கத்தில் புதிய பூச்சு மடங்கி வெடிக்கும். முதலில் ஃபோமை மாற்றியோ, பாலியெஸ்டர் பஞ்சுத்தாள் சுற்றி உப்பவைத்தோ தோலை இழுத்து நிறுத்திய பிறகு நிறமேற்ற வேண்டும். ஜிப் வைத்த உறையைக் கழற்றித் துவைக்கும் இயந்திரத்தில் போடுவது தோலைக் கெடுக்கும் மிக விரைவான வழிகளில் ஒன்று.

அனிலின் வகைச் சோபாவின் உரிமையாளர் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நிறமி பூசினால் கறைகளும் வெளிறலும் மறையும். கூடவே தோலின் இயற்கையான தழும்புகளும் நிறவேறுபாடுகளும், தொட்டால் கிடைக்கும் வெதுவெதுப்பும் மறையும். அந்த இயல்புக்காகவே வாங்கியவர்கள், நிறமேற்றாமல் சாயத்தையும் கண்டிஷனரையும் கொண்டு மெல்லப் புதுப்பித்து, சில கறைகளோடு வாழ்வதே நல்லது என்பது என் கருத்து.

பிறகு பேணுதல்

புதுப்பித்த இருக்கையை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மென்மையான கிளீனரால் துடைத்தால் போதும். குழந்தைகளுக்கான ஈரத்தாள், சமையல் எண்ணெய், மரச்சாமான் பாலிஷ் ஆகியவை வேண்டாம்; எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொண்டு நாளடைவில் பிசுபிசுக்கும். புதிய ஜீன்ஸின் நீலம் வெளிர் இருக்கையில் ஏறினால் அன்றே துடைக்க வேண்டும். நாள்பட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும். சோபாவை ஜன்னல் வெயிலிலிருந்து விலக்கி வைப்பதும், காரின் கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வைப்பதும் வெளிறலையும் உலர்வையும் தள்ளிப்போடும்.

மீந்த நிறத்தில் இறுக்கி கலக்காத பகுதியைக் காற்றுப்புகாத சிறு புட்டியில் விளிம்புவரை நிரப்பி, எந்த இருக்கைக்கு உரியது, என்ன விகிதத்தில் கலந்தது என்று எழுதி ஒட்டி, வெயிலும் கடுங்குளிரும் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கையின் வெளியோரம் எப்படியும் மற்ற இடங்களுக்கு முன்பே தேயும். அப்போது அந்த ஓரத்தை மட்டும் ஆல்கஹாலால் துடைத்து, லேசாகத் தேய்த்து, புட்டியை நன்றாகக் குலுக்கி இரண்டு அடுக்கு நிறமும் இரண்டு அடுக்கு காப்புப்பூச்சும் ஒற்றிவிடலாம்.